மண்ணுக்குள் போன காசு

வாகோலியில் பேருந்தை விட்டு இறங்கியதுமே நாக்கில் கல்புழுதி ஒட்டியது. புனேயின் கிழக்கு ஓரம். அடுக்குமாடிகள் நெருங்கி வந்துவிட்டன. குவாரிகளும் கிரஷர்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குவாரியில் வெடிக்குத் துளை போடும் வண்டிக்காரர் சேலத்துக்காரர். "நம்ம ஊரா சார்?" என்றவர், குழியிலிருந்து வந்த தூளை அள்ளிக் காட்டினார். அதுவரை கறுப்பாக வந்த தூள் சிவந்திருந்தது. "செம்மண் பட்டை, மூணரை மீட்டர்ல" என்று பக்கத்துக் கல்லில் சாக்பீஸால் குறித்தார்.

இது நம்மூர்க் கருங்கல் அல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட். அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் செம்மண் ஓடும். அந்த ஆழத்தில் வெடிமருந்து இருந்தால் வெடிவாயு மண் வழியே கசிந்துவிடும். அதனால் அங்கே மட்டும் மருந்துக்குப் பதில் ஜல்லி.

வெடி வைப்பவர் வடார் சமூகத்துப் பெரியவர். நம்மூர்ப் போயர்களைப் போலத் தலைமுறைகளாகக் கல்லோடு வாழ்பவர்கள். 6 மீட்டர்க் குழியின் மேல் 2.2 மீட்டரை அவர் துளைத்தூளால் மூடவில்லை, 10 எம்.எம். ஜல்லியால் அடைத்தார். தூள் பீச்சிக்கொண்டு வெளியேறும். முனையுள்ள ஜல்லி ஒன்றையொன்று பிடித்து இறுகும். வாயு உள்ளேயே நின்று கல்லைப் பிளக்கும்.

ஓரக்குழி ஒன்றின் முன் அவர் தயங்கினார். பாறை முகப்புக்கும் முன் வரிசையின் மற்றக் குழிகளுக்கும் இடையே 2.3 மீட்டர், இதற்கு மட்டும் 3 மீட்டர். "சுமை அதிகம்" என்று இந்தியில் முணுமுணுத்தார். முன்னால் தள்ள முடியாத கல் இருந்தால் வெடியின் வேகம் பின்னால் நிலத்துக்குள் திரும்பும்.

"வீடு ஆடுனா முதலாளி காசு போச்சு சார். கல்லை உடைக்க வாங்குன மருந்து மண்ணை உலுக்கப் போயிருச்சு" என்றார் சேலத்துக்காரர். பக்கத்து ஊரின் புகாரையும் முதலாளியின் செலவையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார்.

அன்று 20 குழிகள், குழிக்குச் சுமார் 17 கிலோ. ஒன்றாக வெடித்தால் 340 கிலோவின் உலுக்கல். மின்சாரமில்லாத நோனல் குழாயில் குழிக்குக் குழி 25 மில்லிவினாடி தள்ளி வெடித்தால், நிலத்துக்கு அது கிட்டத்தட்ட 17 கிலோவின் உலுக்கல்தான். முன் வரிசை நகர்ந்து பின் வரிசைக்கு இடமும் விடும். 2025 ஏப்ரல் முதல் மின் டெட்டனேட்டருக்குத் தடை வந்ததால், சின்னக் குவாரிகளும் இந்தக் குழாய் போன்ற மாற்று முறைக்கு மாறியாக வேண்டும்.

வீடுகளின் பக்கம் அதிர்வுமானி வைத்திருந்தார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, பிறர் வீட்டருகே 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வு விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 25 ஹெர்ட்ஸுக்கு மேல் 15 வரை போகலாம். மெதுவான ஆட்டம்தான் வீட்டின் சொந்த ஆட்டத்தோடு சேர்ந்து சுவரைக் கீறும்.

சங்கு ஊதியது. பாறை முகப்பு ஒரு துணித்திரை போலச் சரிந்தது. காலடியில் சிறு உறுமல், அவ்வளவுதான். மானி வரம்புக்குள் நின்றது.

புகை அடங்கியதும் பெரியவர் மானிப் பக்கம் போகவில்லை. குவியலைச் சுற்றி நடந்து, மறுபடி உடைக்க வேண்டிய பெரிய கற்களை எண்ணினார். நான்கு. நான்கும் அந்த ஓரக்குழிக்கு முன்னால் கிடந்தன.