ஒற்றைக்கால் தவம்

குதிநாண் அறுந்து சத்திரசிகிச்சை பெற்றவருக்கு நடப்பது எளிது. நுனிக்காலில் நிற்பதே அரிது. சென்ற ஆண்டு அவர்களுள் யானும் ஒருவனானேன்.

வைத்தியர் நாணைத் தைத்தார். ஆயினும், வாரக்கணக்கில் அசையாதிருந்த கெண்டைக்கால் வற்றிவிட்டது. செட்டிகுளத்து வயல் வரம்பில் நடந்தேன். சிறு வாய்க்காலைத் தாண்ட அக்கால் உந்தித் தரவில்லை.

தைத்த நாணை அவசரப்பட்டு இழுத்தால் அது நீண்டு, தளர்ந்த வில்நாண் போலாகும். ஆதலின், வைத்தியர் அனுமதித்த பின்னரே பயிற்சி தொடங்கும். முதலில் சுவரைப் பிடித்து இருகாலாலும் குதியை உயர்த்துதல். பின்னர் இருகாலால் உயர்த்தி ஒருகாலால் மெல்ல இறக்குதல். முடிவில் ஒருகாலாலேயே உயர்த்துதல். முழங்காலைச் சற்றே மடித்துச் செய்தால் உள்தசையும் உரம்பெறும்.

இந்தியப் பந்துவீச்சாளர் முகமது சமி 2024 பெப்ரவரியில் குதிநாணில் சத்திரசிகிச்சை பெற்று, நவம்பரிலேயே போட்டிக்குத் திரும்பினார். 2025 பெப்ரவரியில் பங்களாதேசத்துக்கு எதிராக 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பயிற்சியாளர் சூழ்ந்த வீரருக்கே அத்தனை மாதங்கள் எனின், நம்மனோர்க்கு ஓராண்டுக்கு மேலாவதில் வியப்பென்ன?

ஏழாம் மாதம் என் குதி முதன்முறை தனித்தெழுந்தது. “அப்பா, ஒண்டு!” என்று எண்ணினாள் மகள். இன்று 17, மற்றைக் காலுக்கு 25. எஞ்சிய எட்டையும் அவளே எண்ணுவாள்.