குமுளி மலைப்பாதையில் இருவர்

இணைப் பந்தயம் ஒன்றிற்குப் பயிற்சியாகக் கணவனும் மனைவியுமாக நாங்கள் கம்பத்திலிருந்து மிதிவண்டிகளில் புறப்பட்டோம். கூடலூர் வரை திராட்சைத் தோட்டங்களினூடே ஒன்றாகவே சென்றோம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் குழாய்வழி இறங்கி மின்சாரம் தரும் லோயர் கேம்ப்பில் மலையேற்றம் தொடங்குகின்றது. எங்களிடையே இடைவெளியும் அங்கேதான் தொடங்கிற்று. முந்தியவர் கொண்டை ஊசி வளைவில் காத்து நின்றார். பிந்தியவர் முகம் வாடி வந்து சேர்ந்தார்.

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெற்றுவரும் கேப் எபிக் மலைப் பந்தயத்தில் இருவர் சேர்ந்தே ஓர் அணி. ஆணும் பெண்ணும் இணையும் பிரிவும் உண்டு. இருவரிடையே 2 நிமிடத்திற்கு மேல் இடைவெளி விழுந்தால் தண்டனை கிடைக்கும். ஆகவே அங்கே தனியே முந்துவோர்க்கு இலாபமில்லை.

அவ்விதியை எண்ணி, மெல்ல ஏறுபவரை முன்னே விட்டோம். வேகம் குறைந்தது, பேச்சு திரும்பியது. குமுளியை ஒன்றாகவே அடைந்தோம். இல்லறப் பாதைக்கும் இது பொருந்துமன்றோ?