டாக்டரம்மாவும் ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டரும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. பாங்க் வேலை காரணமில்லை. வீட்டில் எனக்கு இன்னொரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

நம்ம தங்கமணி இங்கே நாக்பூரில் பகுதி நேரமாக பி.எச்டி. செய்கிறாள். கல்வி உளவியல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பயம்தான் தலைப்பு. "கணக்குக்குப் பயப்படறதுக்கெல்லாம் ஆராய்ச்சியா? ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றேன் (பி.காம். படித்த திமிர்!). அன்று உட்கார வைத்து வகுப்பெடுத்தாள்.

23ஐ 7ஆல் பெருக்கும்போது 1ஐ எழுதி 2ஐ மனதில் வைத்துக்கொள்கிறோம் இல்லையா? பயமும் போய் அதே இடத்தில்தான் உட்காருமாம். அப்போது மனதில் வைத்த 2 பறந்துவிடும். கணக்கு தெரிந்த பிள்ளையே தப்பாகப் போடும். அடித்தால் பயம் கூடும், இடம் இன்னும் குறையும். 1972லேயே ரிச்சர்ட்சன், சுயின் என்ற இருவர் இந்தப் பயத்தை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். கேஷ் டேலி ஆகாத நாளில் மேனேஜர் பின்னால் வந்து நின்றால் எனக்கு கூட்டலே மறந்துபோவது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இங்குள்ள பிள்ளைகளுக்கு வினாப்பட்டியல் மராத்தியில் வேண்டும். ஒருவர் மராத்தியில் மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் செல்லும். பரீட்சைத் தாளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்ற வரி, திரும்பி வரும்போது வயிற்றுப்போக்காக வந்தது!

312 பிள்ளைகள், ஆளுக்கு 24 வரிகள், 1 முதல் 5 வரை மதிப்பெண். எக்ஸெலில் ஏற்றியது அடியேன். நம்பகத்தன்மைக் கணக்கு பார்த்தால் படுமோசம். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில் பார்த்தால், 'கணக்கு வகுப்பு எனக்குப் பிடிக்கும்' மாதிரி வரிகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டுமாம். 5 என்றால் 1. நான் அப்படியே ஏற்றியிருந்தேன். டெபிட்டையும் கிரெடிட்டையும் ஒரே பக்கம் போட்டுக் கூட்டியது போல. இருபது வருஷ பாங்க் அனுபவம்!

சிரிக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது அவளுக்கு இரண்டாவது பதிவு.

2011ல் கோயம்புத்தூரில் இருந்தபோதே பதிவு செய்திருந்தாள். கோர்ஸ் ஒர்க்கூட முடித்துவிட்டாள். எனக்குப் பாட்னாவுக்கு டிரான்ஸ்பர். பையனுக்கு இரண்டு வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வரலாம் என்று பேசிக்கொண்டோம். ஒரே ஒருமுறைதான் போனாள். ஆர்டரில் என் பேர் மட்டும்தான் இருந்தது, ரத்தானது அவள் பதிவு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வரை சலுகை. எங்கள் பாஷையில் சொன்னால் எக்ஸ்டென்ஷன் கொடுப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடங்களும் கைடும் இருப்பது இந்த ஊரில்.

இந்த வருஷம் பிரமோஷன் பட்டியலில் என் பேர் வந்தது. வாங்கினால் மகாராஷ்டிராவுக்கு வெளியேதான் போஸ்டிங் என்று சொல்லிவிட்டார்கள். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைவிட ஜூனியர் ஒருவர் அடுத்த மாதம் எனக்கு மேனேஜராக வருகிறார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ராத்திரி அவளிடம் சொன்னேன். "உங்களை யாரு கேட்டா?" என்று கோபமாக உள்ளே போனாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திரும்பி வந்தவள் கையில் அடுத்த பள்ளியின் கட்டு.

"இதையாவது ஒழுங்கா ஏத்துங்க. தலைகீழ் வரிக்கெல்லாம் சிவப்புல கோடு போட்டிருக்கேன்."