கடம்பூர் மாளிகையில் கேட்ட நியாயம்

பள்ளி நாட்களில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை, அதன் நாயகன் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடி முடித்தேன். அதில் வரும் பெரிய பழுவேட்டரையர் என்றாலே ஆகாது. கிழவர், இளம் மனைவி, நள்ளிரவுச் சதி. வெறுக்க வேறென்ன வேண்டும்? உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய மனிதர் என்று கல்கி சொல்லியிருந்தும் அது மண்டையில் ஏறவில்லை.

ஐம்பதை நெருங்கும்போது மறுபடி எடுத்தேன். கடம்பூர் சம்புவரையர் மாளிகைக் கூட்டத்திலேயே நின்றுவிட்டேன். கிழவர் அங்கே எழுப்புவது வாரிசு வழக்கு. சோழ மன்னர் கண்டராதித்தர் இறந்தபோது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போயிற்று. பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கு. இப்போது மதுராந்தகன் வளர்ந்து நிற்கும்போது, சுந்தர சோழர் தம் மகன் ஆதித்த கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியது என்ன முறை?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன். பெரியப்பா போனபோது அவர் மகனுக்கு விவரம் தெரியாத வயது. நிலத்தை அப்பா பார்த்துக்கொண்டார், அவருக்குப் பின் நாங்கள். வளர்ந்தவன் வந்து பங்கு கேட்டான். “இத்தனை வருஷம் பாடுபட்டது யாரு?” என்றார் சித்தப்பா. “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, மனஸ்தாபம் இல்லாம இருந்தா போதும்” என்றார் பெரியம்மா.

மதுராந்தகனின் தாய் செம்பியன் மாதேவியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்: மகனுக்குச் சிவபக்தி போதும், சிங்காதனம் வேண்டாம். அன்று அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. இன்று, மகனுடைய பங்கைத் தாய் எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்கத் தோன்றுகிறது. (கடம்பூர்க் கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான். அந்த வயதுக்கு அவனுக்கு மட்டும் என்ன புரியும்!)

1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கல்கிக்கு இந்த வழக்கின் பலம் தெரியாமலில்லை. வரலாற்றிலும் மதுராந்தகன் உத்தம சோழன் என்ற பெயரில் ஆண்ட பிறகுதான், 985இல், சுந்தர சோழரின் இன்னொரு மகன் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். ஆனால் நாவலில் உரிமை கேட்ட மதுராந்தகன் கண்டராதித்தரின் மகனே இல்லை என்றாகிறது. பூத்தொண்டு செய்துகொண்டு எதையும் கேட்காமல் இருந்த சேந்தன் அமுதனே உண்மையான வாரிசு. மகுடம் அவன் தலைக்குப் போகிறது. கதையாக ருசிக்கிறது, வழக்காகப் பார்த்தால் நழுவல்தான். கேட்டவனை விலக்கிவிட்டுக் கேட்காதவனுக்குக் கொடுப்பது எல்லாருக்கும் சுலபம்.

எங்கள் வீட்டில் ஆள்மாற்ற வழியில்லை. பத்திரத்தைக் கேட்டவன் பெயருக்கே எழுத வேண்டியிருந்தது. சித்தப்பா கடைசியாகக் கையெழுத்துப் போட்டார்.