பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பின்னல்

சங்கீதப் பைத்தியம் பிடித்த புருஷனோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். ஆகையால், அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இவர் பேனாவும் காகிதமுமாக ஊஞ்சலில் உட்கார்ந்தபோதே என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

"டெபாசிட் பணம் 80,000 வந்துவிட்டது. இந்தத் தடவை நம் ஸிஸ்டத்தை ஒழுங்கு பண்ணிவிடலாம்" என்றார்.

'ஸிஸ்டம்' என்று இவர் செல்லமாகச் சொல்வது எங்கள் கூடத்துப் பாட்டுக் கருவிகளை. கிராமபோன் போய், டேப்ரிகார்டர் போய், ஸி.டி.யும் போய், இப்போது பாட்டு இண்டர்நெட்டில் வருகிறது. அதை வாங்கித் தரும் சின்னப் பெட்டிக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். எண்களாக வருவதை ஒலியாக மாற்றும் வேலையும் அதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிறகு, அதற்குப் பலம் கொடுக்க ஒரு ஆம்ப்ளிபையர்; கடைசியில் இரண்டு ஸ்பீக்கர்கள்.

பட்டியலைப் பார்த்தேன். புது ஸ்ட்ரீமர் 48,000. அதற்குக் கரண்டு போக ஒரு விசேஷக் கம்பி 15,000. இண்டர்நெட் வர இன்னொரு கம்பி 12,000.

"மிச்சம் ஐயாயிரத்துக்கு உனக்கு ஒரு புடவை" என்றார் பெரிய மனசோடு.

சண்டைக்குத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா பாட்டுக் கேட்பதை நிறுத்தி எட்டு மாசமாகிறது, கவனித்தாயா? ஒலி நன்றாக வந்தால் மறுபடி கூடத்தில் வந்து உட்காருவாள்" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

என் மாமியாருக்கு வயது 81. அவர் பிறந்த வீட்டில் கிராமபோன் இருந்தது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பிளேட்டைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்பாராம். எங்கள் வீட்டிலும் சாயங்காலம் விளக்கேற்றியவுடன் பிரம்பு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருவார். அப்படிப்பட்டவர், "ஒரே இரைச்சலாக இருக்கிறது, நீங்கள் கேளுங்கள்" என்று உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு அது முதுமை என்று தோன்றியது. இன்னும் மோசமாக ஏதேதோ கூடத் தோன்றியது.

கடைக்காரர் அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கம்பியைப் பரீட்சைக்கென்று கொடுத்தனுப்பினார். பெண்பிள்ளைக்குப் பின்னிவிட்ட சடை மாதிரி அழகாகத்தான் இருந்தது. இவர் மாட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். "ஆகா! வீணைத் தந்தி பேசுகிறது!" என்றார்.

காலேஜில் படிக்கும் என் பெண் சும்மா இருப்பாளா? "அப்பா, நீங்கள் திரும்பி உட்காருங்கள். புதுக் கம்பியா, பழைய கம்பியா என்று பத்துத் தடவை சொல்லுங்கள்" என்றாள். ஒரே பாட்டு, ஒரே சத்தம். சத்தத்தைத் துளி ஏற்றினாலும் அதுதான் நல்லதென்று காது சொல்லிவிடுமாம்!

பத்துக்கு ஐந்து சரி. திருவுளச்சீட்டுப் போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்.

அவள் விளக்கியது எனக்கே புரிந்தது. பாட்டு சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறதாம். ஒரு பொட்டலம் வழியில் கெட்டால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பெட்டி பாடவே தொடங்கும். மளிகைக் கடைப் பையன் சைக்கிளில் வந்தால் என்ன, காரில் வந்தால் என்ன? ஒரு கிலோ துவரம்பருப்பு ஒரு கிலோதானே! பழைய பெட்டியே ஸி.டி. அளவுக்கு, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில், ஒன்றும் குறையாமல் எடுத்துத் தருகிறது. மனிதக் காது எட்டும் 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும். புதுப் பெட்டியின் 192-ஐ வைத்துக்கொண்டு, மூன்று நான்கு நிமிஷம் ஓடும் பழைய பிளேட்டில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

இவர் அன்று தோசைக்கு இரண்டாவது தடவை சட்டினி கேட்கவில்லை.

மறுநாள் தூசி தட்டும்போது ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றினேன். பெரிய கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் நமுத்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது! அந்த வளையம்தான் கோனை முன்னும் பின்னும் அசையவிடுகிறதாம். 2009-இல் வாங்கியது, நம் ஊர்ப் புழுக்கத்தில் நுரை உளுத்துவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி 'கும்'மென்று கேட்பதற்குப் பதில் 'டர்'ரென்று கேட்டதன் ரகசியம் இதுதான். ரிச்சித் தெருவில் இரண்டுக்கும் புது வளையம் ஒட்டினார்கள். 2,400 ரூபாய்.

அடுத்த குற்றவாளி நானேதான். தை மாதம் வெள்ளையடித்தபோது கனத்த திரைச்சீலைகளைக் கழற்றினேன். ஜமக்காளத்தைச் சுருட்டிப் பரணில் போட்டேன். இடம் அடைக்கிறதென்று ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் தள்ளினேன். தையிலிருந்து கணக்குப் பார்த்தால் சரியாக எட்டு மாசம்!

உங்கள் வீட்டிலும் பட்டியல் போடுகிறவர் இருந்தால், கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். 'டணார்' என்று எதிரொலித்தால் பணப்பையை மூடிவிடுங்கள். வெறும் தரையும் கண்ணாடியும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. மூலையில் வைத்த ஸ்பீக்கரோ கீழ்ஸ்வரங்களை ஊதிப் பெருக்கிப் பாடகர் குரலை அமுக்கிவிடுகிறது. நாங்கள் திரையை மாட்டி, ஜமக்காளத்தை விரித்து, ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்து, உட்கார்ந்தால் காதுக்கு நேராக வரும்படி முக்காலி போட்டோம். செலவு பூஜ்யம்.

மாமியாரைக் கூப்பிட்டோம். நாகஸ்வரத்துக்குத் தலை ஆடிற்று. வாய்ப்பாட்டு வைத்ததும் நின்றுவிட்டது. "இப்போது பாட்டு வருகிறதடி. ஆனால் சொல் புரியவில்லையே!" என்றார்.

காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு வரைபடம் காட்டினார்கள். கீழ்ஸ்வரம் ஓரளவு கேட்கிறது. மேலே போகப் போகக் கோடு சரிகிறது. வயதானால் வருவதுதானாம். 'ச'வும் 'ஸ'வும் 'த'வும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் புரியாது. இரண்டு காதுக்கும் கருவி 68,000 ரூபாய். பாட்டுக்கென்று தனி அமைப்பும் அதில் உண்டு. பேச்சுக்கு வைத்த அமைப்பு நீண்ட புல்லாங்குழல் ஸ்வரத்தைத் தன்னுடைய கீச்சொலி என்று எண்ணி அமுக்கப் பார்க்குமாம்!

"கிழவிக்கு எதுக்குடா 68,000? நீ உன் பெட்டியை வாங்கிக்கொள்" என்றார் மாமியார்.

இவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டியலை எடுத்தார். ஸ்ட்ரீமருக்கு மேலே, காகிதத்தின் உச்சியில், 'அம்மா காது' என்று எழுதினார். கூட்டிப் பார்த்து மற்றதையெல்லாம் அடித்தார். பின்னல் கடைக்குத் திரும்பிப் போயிற்று. என் புடவையும்தான் போயிற்று என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கருவி பழக மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கே திட்டு வாங்கினேன். நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவராகவே பிரம்பு நாற்காலிக்கு வந்தார். இவர் தோடியை வைத்தார். பாதியில் மாமியார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எங்களுக்குத் திக்கென்றது.

"கீழே கரகரவென்று ஒரு சத்தம் வருகிறதே, அது பிளேட்டுத் தேய்கிற சத்தம்தானே?"

"ஆமாம்மா. புதுப் பதிவு ஒன்று இருக்கிறது, கரகரப்பை எடுத்துவிட்டது. அதை வைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். எங்கள் அப்பா பிளேட்டும் இப்படித்தான் கரகரக்கும். முதலிலிருந்து வை."