பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

வேங்கிக்கால் ஏரிக்கு அருகே ஒரு கணினி மையத்தில், கணினிகளைக் கம்பியால் பிணைத்து ஸ்டார்கிராஃப்ட் ஆடியவர்கள் நாங்கள். 1998இல் பிளிசார்ட் வெளியிட்ட அவ்வாட்டத்தை ஒரே குறுந்தகட்டைக் கொண்டு எட்டுப் பேர் வரை ஆடலாம், இணையம் வேண்டியதில்லை.

இரண்டாம் பாகத்தின் பணி 2003இல் தொடங்கியது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டுக்கு ஆட்கள் தேவைப்படவே, இடையில் ஓராண்டு தடைப்பட்டது. 2007 மே மாதம் சியோலில் அறிவித்தார்கள். 2010 ஜூலையில்தான் வெளிவந்தது. திருட்டுப் பிரதிகளுக்கு அஞ்சி, உள்வலை ஆட்டத்தை நீக்கியிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரனோடு மோதுவதற்கும் அவர்களுடைய சேவையகம் வழியாகவே செல்லவேண்டும்.

சினந்தோம். ஆனால் அதற்குள் எங்களில் ஒருவன் சென்னையில், இன்னொருவன் துபாயில். சிதறிய எங்களை மீண்டும் சேர்த்ததும் அதே சேவையகந்தான். பக்கத்து நாற்காலியைக் காலியாக்கியது ஆட்டமன்று, நாங்களே.