பேணுதல்

நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் 'பேணுதல்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 'அவர் பேணுதலான மனிதர்' என்றால், ஹலால் ஹராம் பார்த்து நடப்பவர், ஐயத்திற்கிடமான காசைத் தொடாதவர் என்று பொருள். அரபியில் 'வரஃ' என்று சொல்லப்படும் பண்பை நம் முன்னோர் இந்த ஒரு தமிழ்ச் சொல்லால் குறித்தார்கள். அதே சொல்லுக்குப் பராமரித்தல், பழுதுபடாமல் காத்தல் என்ற பொருளும் இருக்கிறது. பிள்ளையைப் பேணுகிறோம், பயிரைப் பேணுகிறோம், உடம்பைப் பேணுகிறோம். இவ்விரு பொருளும் ஓரிடத்தில் சந்திப்பதை எனக்குக் காட்டித்தந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். அதுவும் இத்தாலிய வமிசத்தில் பிறந்த ஸ்கூட்டர்.

மர்ஹூம் எங்கள் அத்தா அவர்கள் கம்பைநல்லூரில் இருந்துகொண்டு ஜவுளி வியாபாரம் செய்தார்கள். மொரப்பூர், அரூர், இருமத்தூர் என்று ஊர் ஊராகத் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்வந்த அவர்கள், 1986ஆம் ஆண்டு 'விஜய் சூப்பர்' ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார்கள். மோட்டார் சைக்கிளை விட ஸ்கூட்டரை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் அதன் கால்தட்டு. ஓட்டுகிறவரின் இரு கால்களுக்கும் இடையே ஒரு மூட்டையை நிறுத்திவிடலாம். பின்னிருக்கையில் இன்னொன்றைக் கட்டலாம். வெயிலிலும் மழையிலும் முன்தகடு காலை மறைத்துக்கொள்ளும். அந்தக் கால்தட்டின் மீது நின்றுதான் நானும் என் தங்கையர் இருவரும் ஊரைப் பார்த்தோம்.

இந்த வண்டியின் பூர்வோத்திரம் சுவையானது. இத்தாலியில் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி என்பவர் எஃகுக் குழாய் செய்யும் தொழிலில் பெயர் பெற்றவர். கட்டடம் கட்டுவோர் ஏறி நிற்கும் குழாய்ச் சாரங்களை அவருடைய நிறுவனம் செய்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் இருந்த அவருடைய தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்ததும், ஏழை எளியவர் வாங்கத்தக்க ஊர்தி ஒன்றைச் செய்ய அவர் முனைந்தார். குழாய் வேலை தெரிந்தவராகையால் குழாயையே வண்டியின் முதுகெலும்பாக வைத்தார். 1947இல் வெளிவந்த அதற்கு 'லாம்பிரெட்டா' என்று பெயர். அப்பகுதியில் ஓடும் லாம்ப்ரோ என்னும் ஆற்றின் பெயரை ஒட்டியது அது. லாம்ப்ரோ ஆறு போ என்னும் பெருநதியில் கலக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கம்பைநல்லூர் ஆறும் தென்பெண்ணையில் கலக்கிறது. ஒரு சிற்றாற்றின் பெயர் கடல் கடந்து இன்னொரு சிற்றாற்றின் கரைக்கு வந்து சேர்ந்தது என்று எண்ணும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு புன்னகை எழும்.

இந்தியாவில் 1950களிலேயே பம்பாயில் இருந்த ஒரு நிறுவனம் லாம்பிரெட்டாவைச் செய்து விற்றது. 1971இல் இத்தாலியில் அதன் உற்பத்தி நின்றபோது, இந்திய அரசு அத்தொழிற்சாலையின் இயந்திரங்களை விலைக்கு வாங்கியது. 1972ஆம் ஆண்டு லக்னோவில் 'ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட்' தோற்றுவிக்கப்பட்டது. அங்கே 1975 முதல் வண்டிகள் உருவாயின. உள்நாட்டில் 'விஜய்' என்ற பெயரும் வெளிநாடுகளில் 'லாம்பிரெட்டா' என்ற பெயரும் அவற்றுக்கு வழங்கின. 1990களின் பிற்பகுதியில் அங்கே ஸ்கூட்டர் செய்வது நின்றது. 2021இல் அந்நிறுவனத்தையே மூடிவிட மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஆக, பிறந்த வீடும் இல்லை, வளர்த்த வீடும் இல்லை என்று ஆகிவிட்ட வண்டி எங்களுடையது.

அத்தா அவர்கள் 2009இல் இறைவனின் அழைப்பை ஏற்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களில் வண்டியும் ஒன்று. 'பழைய ஸ்கூட்டர்தானே, மகன் எடுத்துக்கொள்ளட்டும்' என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் மீராஸ் பங்கீட்டில் பழையது, புதியது என்ற வேறுபாடு இல்லை, ஊசியும் பங்குக்குரியதே. மெக்கானிக்கை வரவழைத்து மதிப்புப் போட்டோம். 8,000 ரூபாய் என்றார் அவர். எட்டில் ஒரு பங்கு அம்மாவுக்கு: 1,000 ரூபாய். மீதி 7,000த்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் எனக்கு 3,500, தங்கையர் இருவருக்கும் தலா 1,750. நான் வண்டியை எடுத்துக்கொண்டதால் 4,500 ரூபாயை அவர்கள் மூவருக்கும் கொடுக்கக் கடமைப்பட்டேன்.

இளைய தங்கை வாங்க மறுத்தாள். "அண்ணே, அத்தா வண்டிக்கு நான் காசு வாங்குவேனா?" என்றாள். "முதலில் கையில் வாங்கிக்கொள் அம்மா; பிறகு நீ யாருக்குக் கொடுத்தாலும் அது உன் விருப்பம்" என்றேன். வாங்கினாள், மறுநாள் அதை என் மகளுக்குக் கம்மல் வாங்கக் கொடுத்தனுப்பினாள். கையில் வந்த பிறகு மனமுவந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. கைக்கு வராமலே 'வேண்டாம்' என்று சொல்ல வைத்தால், அங்கே விட்டுக்கொடுத்தது அன்பா, கூச்சமா என்று யாருக்குத் தெரியும்? நம் வீடுகளில் பெண்மக்களின் பங்கு பெரும்பாலும் இந்தக் கூச்சத்தில்தான் கரைந்துபோகிறது. நிலம், வீடு என்று வரும்போது திடீரென்று பேணுதல் வந்துவிடாது. எட்டாயிரம் ரூபாய் வண்டியில் பழகிக்கொண்டால்தான் எட்டு இலட்சத்தில் கைகூடும்.

வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை என் பெயருக்கு மாற்றினேன். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாகையால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். 2001இல் தொடங்கி 2021 வரை ஐந்து முறை அது புதுப்பிக்கப்பட்டது.

இனி, பராமரிப்பைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? கால்நடை வைத்திருப்பவன் அதற்குத் தீனி போட வேண்டியது கடமை. முடியாவிட்டால் விற்றுவிட வேண்டும். ஒட்டகம் ஒன்று கண்ணீர் விட, அதன் பசியையும் களைப்பையும் உணர்ந்து உரியவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். ஆனால் உயிரில்லாத பொருளுக்கு? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், செலவினங்கள் பற்றிய பாடத்தின் கடைசியில் இதற்கு விடை இருக்கிறது. வீடு, வாய்க்கால் போன்றவற்றைச் செப்பனிடுவது உரியவன் மீது கட்டாயமில்லை. அவற்றுக்குப் பசி இல்லை, வலி இல்லை. எனினும் ஒரு பொருளைப் பாழாகவிடுவது வெறுக்கத்தக்கது என்பது சட்ட அறிஞர்களின் கருத்து. பொருளை வீணாக்குவதை இறைவன் வெறுக்கிறான் என்ற நபிமொழியே அதற்கு ஆதாரம்.

'இளாஅத்துல் மால்' என்னும் அச்சொற்றொடரைப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வீணாக்குதல் இருவகை. எண்ணெய் விடாமல் துருப்பிடிக்க விடுவதும் வீணாக்குதலே. தேவைக்கு மேல் காசைக் கொட்டி மினுக்குவதும் வீணாக்குதலே. பேணுதல் இவ்விரண்டுக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதை.

என் மகன் ஒருநாள் கேட்டான்: "அத்தா, இந்த வண்டிக்குச் செலவழிப்பதும் இஸ்ராஃப்தானே?" நியாயமான கேள்வி. ஆலிமின் வீட்டில் பிறந்த பிள்ளை ஆதாரத்தோடுதான் கேட்பான். நான் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவன் முன் வைத்தேன். வண்டிக்கென்று தனிப் புத்தகம் வைத்திருக்கிறேன். 2017இல் சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றியபோது மட்டும் 11,000 ரூபாய் ஆயிற்று. மற்ற ஆண்டுகளில் ஐயாயிரத்தைத் தாண்டியதில்லை. புது வண்டி எடுத்தால் இரண்டு மாதத் தவணைக்கே அது போதாது.

செலவு இவ்வளவில் அடங்குவதற்குக் காரணம், இவ்வண்டி தன் குறையைத் தானே சொல்லும் இயல்பினது. இரண்டடி இயந்திரம் இது. நான்கடி இயந்திரத்தைப் போல எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இதன் வயிற்றில் இல்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் எண்ணெயே பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் வழுக்கலைத் தந்து, பிறகு தானும் எரிந்துபோகிறது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி படியும், புகை கிளம்பும். ஆகவே மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். அதன் நுனி தேயிலை நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். ஈரமும் கருமையுமாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாது, அல்லது காற்று எங்கோ கசிந்து உள்ளே புகுகிறது. இதற்கு ஒரு பிளக் ஸ்பானரும் ஓர் உப்புத்தாளும் போதும்.

கிளட்ச், கியர், பிரேக் அனைத்தும் கம்பி வடங்களால் இயங்குவன. கைப்பிடியருகே ஓர் இழை அறுந்தவுடனே மாற்றிவிட்டால் நடுவழியில் நிற்க நேராது. சக்கரம் முன்னதும் பின்னதும் ஒன்றே. உபரிச் சக்கரம் ஒன்றும் வண்டியிலேயே இருக்கிறது. சக்கரத்தின் இரும்பு வளையம் இரு பாதிகளாகச் சேர்த்து முடுக்கப்பட்டது. டியூப் மாற்றும்போது காற்றை முழுதும் இறக்கிவிட்டே அந்த நட்டுகளைக் கழற்ற வேண்டும். காற்றோடு கழற்றினால் பாதி வளையம் தெறித்துக் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். இதை எனக்குக் கற்பித்தவர் அத்தா. என் மகனுக்கும் கற்பித்திருக்கிறேன்.

உதிரிப் பாகங்களுக்குச் சென்னைதான் கதி. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். லாம்பிரெட்டாவை விரும்பிச் சேர்ப்போர் உலகெங்கும் இருப்பதால், தாய்த்தொழிற்சாலை மூடிய பிறகும் பாகங்களை யாரோ ஒருவர் செய்துகொண்டேயிருக்கிறார்.

ஒரு குறையை மறைக்கலாகாது. இரண்டடி இயந்திரத்தின் புகை, எரியாத எண்ணெயும் கலந்த புகை. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் சட்டக் கலையின் அடித்தளங்களில் ஒன்று. தெருவில் விளையாடும் குழந்தையின் மூச்சைக் கெடுத்துவிட்டு, 'அத்தாவின் நினைவைப் பேணுகிறேன்' என்றால் அது எடுபடாது. ஆகவே புகை குறைந்த எண்ணெயையே அளந்து ஊற்றுகிறேன். சைலன்சரில் படியும் கரியை அகற்றுகிறேன். புகைச் சான்று தவறுவதில்லை. நடந்து போகக்கூடிய தூரத்துக்கு வண்டியை எடுப்பதில்லை. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் சேர்க்கப்படுவதும் பழைய வண்டிக்கு ஒரு சோதனை. அது ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டரின் மென்பாகங்களையும் நாளடைவில் அரிக்கும்; ஈரத்தையும் இழுக்கும். குழாயை மாற்றினேன், தொட்டியில் பெட்ரோலை நெடுநாள் தேங்க விடுவதில்லை.

சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து அன்பர் ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். புது வர்ணம் பூசிக் கண்ணாடி அறையில் நிறுத்தப் போவதாகவும் சொன்னார். விற்பது ஆகாது என்பதல்ல. அவர் பணமும் நல்ல பணம்தான். ஆனால் இன்றும் இந்த வண்டியின் கால்தட்டில்தான் மதரஸா மாணவர் விடுதிக்கு வாராவாரம் அரிசியும் காய்கறியும் வருகின்றன. உழைக்கிற பொருளை உழைக்க விடுவதுதான் அதற்குரிய மரியாதை என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். சவாரிப் பிராணிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் திருமறை அவற்றின் அழகையும் மறுக்கவில்லை. ஆயினும் பயனை முன்வைத்து, அழகை அதன் பின்னே வைக்கிறது. அந்த வரிசை மாறி, ஓடாமல் போர்வைக்குள் நிற்கும் நாள் வருமானால், இதை நான் தேவை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், விற்றுவிடுவேன்.

எழுதிவைக்கத்தக்க பொருளுடைய முஸ்லிம் தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்பது நபிமொழி தரும் அறிவுரை. என் வஸிய்யத் ஏட்டில் வண்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. பதிவு எண், பெட்டியில் உள்ள உதிரிப் பாகங்கள், மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவற்றைக் குறித்திருக்கிறேன். யாருக்கு வண்டி என்பதை நான் எழுதவில்லை; அது இறைவன் பங்கு வகுத்த காரியம். எடுத்துக்கொள்பவர் மற்றவர்களின் பங்கைக் கையில் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதி, அதன் கீழே பெட்ரோலுக்கு எண்ணெய் கலக்கும் அளவையும் எழுதியிருக்கிறேன்.